எம்.சி.பி. நிற்கிறது, மின்சாரம் இல்லை: ஒரு தீபாவளி விடியற்காலைப் பழுது

தீபாவளியன்று காலை ஆறரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. “அண்ணா, எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. இப்போது தூக்கிவிட்டால் நிற்கிறது. ஆனால் சமையலறையிலும் பின்னறையிலும் கரண்ட் இல்லை.”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். எம்.சி.பி. என்பது பளு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சிறிய சுவிட்ச். திரும்பத் திரும்ப விழுகிற எம்.சி.பி. எனக்குப் பயம் தருவதில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. விழுந்துகொண்டிருந்த ஒன்று திடீரென்று சமர்த்தாக நின்று, அதே நேரம் மின்சாரமும் வராமல் போனால்தான் பயம். “அம்மா, அந்த எம்.சி.பி.யை உடனே இறக்கி வையுங்கள். அந்த இரண்டு அறைகளிலும் எந்த பிளக்கையும் யாரும் தொட வேண்டாம். பரண் பக்கம் கருகல் வாடை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய, இரண்டு படுக்கையறைகள் கொண்ட தரைத்தள வீடு. ஒற்றை ஃபேஸ் இணைப்பு. மீட்டருக்குப் பிறகு மெயின் சுவிட்ச், அடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் காப்புச் சுவிட்ச்), அதன்பின் நான்கு எம்.சி.பி.கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் இரண்டு, கூடத்து பிளக்குகளுக்கு ஒன்று, ‘பவர்’ என்று எழுதி ஒட்டிய 16 ஆம்பியர் ஒன்று. அந்த நான்காவதுதான் நம் கதை. வீடு கட்டியபோது அது சமையலறையின் ஒரே ஒரு பெரிய பிளக்குக்காகப் போட்டது. இரண்டரை வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. பத்து ஆண்டுகள் கழித்துக் குளியலறைக்கு கீசர் வந்தது. யாரோ சமையலறைக் கதவுக்கு மேலே, வயர்கள் ஒன்றுசேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்து, அங்கிருந்து ஒன்றரை வயரில் கீசருக்கு ஒரு கிளை எடுத்திருக்கிறார்கள். பிறகு பின்னறையின் பிளக்குகளும் அதே பெட்டியில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு பிளக்குக்குப் போட்ட பாதையில் மூன்று இடங்களின் பளு.

சாதாரண நாள்களில் இது தெரியாது. காலையில் கீசர் ஓடும்போது அடுப்பு கேஸில் எரியும். இஸ்திரி போடுவது மாலையில். தீபாவளி விடியற்காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டது. ஊரிலிருந்து மகள் குடும்பம் வந்திருந்தது. நாலரை மணியிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் எண்ணெய்க் குளியல். கீசர் அணையவே இல்லை. முந்திய இரவு சிலிண்டர் தீர்ந்துபோனதால் பலகாரமும் காபியும் இண்டக்‌ஷன் அடுப்பில். பின்னறையில் புதுத்துணிக்கு இஸ்திரி. கீசர் 2000 வாட், அடுப்பு 1800 வாட், இஸ்திரிப்பெட்டி 1000 வாட், மொத்தம் 4800. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர். குளிர்பெட்டியும் அதே பாதையில்தான்.

16 ஆம்பியர் எம்.சி.பி. 16ஐத் தாண்டியதும் விழுந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வீடுகளில் போடும் எம்.சி.பி.க்கான தர விதி அப்படிச் சொல்லவில்லை. குறித்த அளவின் 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இடையில் இருக்கும் 21 ஆம்பியருக்கு எந்த உறுதியும் கிடையாது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடேறி வளைந்து கொக்கியைத் தட்டும் வரை அது பொறுத்துக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் சுமார் நாற்பது நிமிடங்கள் பொறுத்திருக்கிறது. அந்த நாற்பது நிமிடங்களும் வயரும் இணைப்புகளும் சூடேறிக்கொண்டே இருந்தன.

ஐந்தேகால் மணிக்கு முதல் தடவை விழுந்தது. வீட்டுக்காரர் தூக்கிவிட்டார். சூடான தகடு ஆறவில்லை, பளுவும் குறையவில்லை. சில நிமிடங்களில் மறுபடி விழுந்தது. இப்படி ஐந்து முறை. நடுவில் அடுப்பு தானாக நின்று நின்று எரிந்ததாகவும், இஸ்திரிப்பெட்டியின் சிவப்பு விளக்கு துடித்ததாகவும் அந்த அம்மா பிறகு சொன்னார். ஆறாவது முறை தூக்கியபோது எம்.சி.பி. நின்றுவிட்டது. எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் கீசர் விளக்கும் எரியவில்லை, அடுப்பும் எரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று யோசனைகள் தயாராக இருந்தன. இரவெல்லாம் மழை பெய்ததால் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது என்பது பெரியவரின் கருத்து. மின்வாரியத்தின் பக்கம்தான் கோளாறு என்றார் மருமகன். பக்கத்து வீட்டுத் தம்பி, எம்.சி.பி.தான் பழசாகிவிட்டது என்று சொல்லி, தன் வீட்டில் மீந்திருந்த 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றையே கையில் கொண்டுவந்துவிட்டார்.

ஈரம் என்ற யோசனையை ஒதுக்குவது எளிது. சுவரில் நீர் இறங்கி மின்சாரம் கசிந்தால் முதலில் விழ வேண்டியது ஆர்.சி.சி.பி. அது காலையிலிருந்து அசையவே இல்லை. அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது. கருவி நன்றாகவே இருக்கிறது. மின்வாரியத்தின் பக்கம் கோளாறு இருந்தால் கூடத்து விளக்குகளும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். அவை ஒரே சீராக எரிந்தன, என் மல்டிமீட்டரில் 231 வோல்ட். எம்.சி.பி. பழசு என்ற யோசனைக்கும் விடை கிடைத்தது: ஒரு கணம் தூக்கி அளந்தபோது அதன் வெளிவரும் முனையில் மின்சாரம் இருந்தது. ஆகவே பழுது எம்.சி.பி.க்கும் அந்த மூன்று இடங்களுக்கும் நடுவில்.

பின்னறைக்குள் போனதும் நெஞ்சு திக்கென்றது. பிளக் போர்டின் முகப்பைக் கழற்றி வெளியே தொங்க விட்டிருந்தார்கள். பின்பக்கத்துத் திருகுகள் திறந்து தெரிந்தன. பக்கத்தில் மரப்பிடி போட்ட திருப்புளி. “கரண்ட்தான் வரவில்லையே, உள்ளே ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று திறந்தேன்” என்றார் மருமகன். அவர் திறந்தபோது எம்.சி.பி. மேலே தூக்கிய நிலையில் இருந்திருக்கிறது. நான் போனில் சொன்ன பிறகுதான் இறக்கியிருக்கிறார்கள்.

“தம்பி, இங்கே வாருங்கள், இதைப் பாருங்கள்” என்று அவரை அருகில் நிறுத்தினேன். கீசர் சுவிட்சை அணைத்தேன். அடுப்பையும் இஸ்திரிப்பெட்டியையும் பிடுங்கினேன். குளிர்பெட்டியை மட்டும் அப்படியே விட்டேன். அளந்து பார்ப்பதற்காக எம்.சி.பி.யைச் சில நிமிடங்களுக்குத் தூக்கினேன். டெஸ்டரை வலது துளையில் வைத்தேன், எரிந்தது. அது ஃபேஸ், மின்சாரம் வரும் கம்பி; எரிய வேண்டியதுதான். இடது துளை நியூட்ரல், மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி; அங்கே எரியக் கூடாது. அதில் வைத்தேன். அதுவும் எரிந்தது, அதே பிரகாசத்தில்.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஏறத்தாழ சுழியம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 231. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 229. எங்கள் தொழிலில் இதை ரிட்டர்ன் வருகிறது என்போம். நியூட்ரல் கம்பி வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஃபேஸ் குளிர்பெட்டி வரை போய், அதற்குள் இருக்கும் சுருள் வழியாகக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பியிலேயே நிற்கிறது. ஓட்டம் இல்லாததால் எந்தச் சாதனமும் இயங்காது. ஆனால் தொட்டால் மனித உடல் அந்த விடுபட்ட வழியாகிவிடும். குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். இடது துளையில் டெஸ்டரின் ஒளி மங்கி மறைந்தது. மருமகன் தொங்கிக்கொண்டிருந்த முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடதுபக்கத் திருகில்தான் அவர் திருப்புளியை வைத்திருந்திருக்கிறார். மரப்பிடியில் இருந்த விரல் கொஞ்சம் கீழே நழுவியிருந்தால், தீபாவளிக் காலையில் அந்த வீட்டில் வேறொன்று நடந்திருக்கும். வீட்டில் வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். இதைப் படிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: விளக்கு எரியாத பிளக்கை மின்சாரம் இல்லாத பிளக்காக எண்ணாதீர்கள்.

ஆறாவது முறை எம்.சி.பி. நின்றதற்கும் இதுதான் காரணம். நியூட்ரல் அறுந்ததும் ஓட்டம் நின்றது. ஓட்டம் இல்லாத எம்.சி.பி. எதற்காக விழும்?

இந்த இடத்தில் சிலர் டெஸ்ட் விளக்கை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்ப்பார்கள். அறுபது வாட் விளக்கு கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்தக் கணமே வீடு முழுவதையும் இருட்டாக்கிவிடும். மீட்டர் இருக்கும்போது அது வேண்டாம்.

அடுத்து, எங்கே அறுந்திருக்கிறது? மெயினை அணைத்து, அணைந்ததை மீட்டரால் உறுதிசெய்துகொண்டேன். முதலில் பார்க்க வேண்டியது எம்.சி.பி. பெட்டிக்குள் இருக்கும் நியூட்ரல் பட்டை. அதன் திருகுகளில் ஒன்று தளர்ந்தாலே இதே அறிகுறி வரும். இங்கே எல்லாம் இறுக்கமாக இருந்தன. நீளமான ஒரு தனி வயரை அந்தப் பட்டையிலிருந்து சமையலறை வரை இழுத்துவந்து, நியூட்ரல் அறுபடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தேன், மீட்டர் ஒலிக்கவில்லை. கீசர் முனையிலும் இல்லை, பின்னறையிலும் இல்லை. மூன்று இடங்களும் ஒரே நேரத்தில் நியூட்ரலை இழந்திருந்தால், பழுது மூன்றும் பிரிவதற்கு முன்னால் இருக்க வேண்டும். அவை பிரியும் இடம் ஒன்றுதான்: சமையலறைக் கதவுக்கு மேல், பரணை ஒட்டியிருக்கும் ஜங்ஷன் பெட்டி. ஆனால் அதன் மூடி கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை வெள்ளையடித்ததில் சுவரோடு சுவராகிவிட்டது. ஏணியில் ஏறி உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். மெயின் அணைந்து கால் மணி நேரம் ஆகியும் ஓர் இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. வண்ணப்பூச்சு அங்கே மெல்லிய குமிழாக எழும்பியிருந்தது.

பிளேடால் ஓரத்தைக் கீறி மூடியை எடுத்தேன். உருகி ஆறிய பிளாஸ்டிக்கின் நெடி முகத்தில் அடித்தது. மூடியின் உட்புறம் பழுப்பேறி உப்பியிருந்தது. நியூட்ரல் இணைப்பு என்று அங்கே இருந்தது தார் உருண்டைபோல ஒரு கட்டி: நான்கு வயர்களைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள், டேப் உருகி வழிந்து பெட்டியின் அடியில் சொட்டி உறைந்திருந்தது. இடுக்கியால் தொட்டதும் முறுக்கிலிருந்து மெயின் வயர் தனியே வந்துவிட்டது. அதன் செம்பு இழைகள் கருத்துப்போய், விரலில் தேய்த்தால் கரித்துண்டுபோல உதிர்ந்தன. அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வயரின் உறை மடங்காமல் விறைத்திருந்தது. பக்கத்திலேயே ஃபேஸ் இணைப்பு. அதன் உறையும் நிறம் மாறியிருந்தது, ஆனால் அதை இடுக்கியால் இறுக்கி முறுக்கியிருந்ததால் தப்பியது. பெட்டிக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பரணில் பழைய கோரைப்பாய் ஒன்றும், பஞ்சுத் தலையணைகளும், கட்டிவைத்த செய்தித்தாள்களும் இருந்தன. அவற்றை முதலில் கீழே இறக்கச் சொன்னேன்.

கையால் முறுக்கிய இணைப்பு முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பளு ஏறி இறங்க, செம்பு சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்த இடத்தில் செம்பின் மேல் ஆக்சைடு படியும்; மின்தடை கூடும். இணைப்பில் 0.1 ஓம் மட்டும் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 21 ஆம்பியர் ஓடும்போது அந்த விரற்கடை நீள இடத்தில் 44 வாட் வெப்பம் உருவாகும். ரேடியோ பழுதுபார்ப்பவரின் பற்றவைக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. மூடிய பெட்டிக்குள், 70 பாகை செல்சியஸ் வரை தாங்கும் உறைக்குள், அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு. ஐந்து முறை எம்.சி.பி.யைத் தூக்கியபோதெல்லாம் அந்தச் சூட்டை மறுபடி மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கும்போது இதை ஏன் எதுவும் தடுக்கவில்லை என்று பெரியவர் கேட்டார். எம்.சி.பி. ஓட்டத்தின் அளவை மட்டும் பார்க்கிறது; தளர்ந்த இணைப்பு ஓட்டத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கவே செய்யும். ஆர்.சி.சி.பி. போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. இங்கே கசிவு இல்லை, இரண்டும் சமம். ஓர் இணைப்பு கொதிப்பது இரண்டின் கண்ணிலும் படாது. அதை முதலில் அறிவது மூக்குதான். இரண்டு வாரங்களாகவே பரண் பக்கம் மீன் கருவாட்டைப் போல ஒரு வாடை இருந்ததாகவும், எலி செத்திருக்கும் என்று நினைத்ததாகவும் அந்த அம்மா அப்போதுதான் சொன்னார். சூடேறும் பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் பல நேரங்களில் அப்படித்தான் நாறும்.

அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல மனத்தோடு கொண்டுவந்தவர். அவரிடம் கோபம் இல்லை. ஆனால் ஒன்றரை வயர், சுவருக்குள் குழாயில் போகும்போது, தோராயமாக 15 ஆம்பியர் தாங்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டிய கட்டாயம் வருவது 46 ஆம்பியரில். நடுவில் வயர் சுவருக்குள்ளேயே கருகும். எம்.சி.பி. காக்க வேண்டியது வயரை. வயரின் பருமனை மாற்றாமல் எம்.சி.பி.யின் எண்ணை ஏற்றுவதற்கு எந்த வீட்டிலும் நான் சம்மதித்ததில்லை.

இதைவிடக் கொடிய ஒரு குறுக்குவழியும் உண்டு. நியூட்ரல் அறுந்த பிளக்கில், பக்கத்திலேயே இருக்கும் எர்த் கம்பியை நியூட்ரல் முனையில் மாட்டிவிடுவது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் உடனே விளக்கு எரியும். வந்தவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு என்றைக்காவது எர்த் குழியில் இணைப்பு துருப்பிடித்து விடுபட்டால், கீசரின் உடலும் குளிர்பெட்டியின் கதவும் சேர்ந்து ஃபேஸாக மாறும். நனைந்த கையோடு குழாயைத் திறப்பவர் யார் என்பது அன்றைய தற்செயல். இப்படிச் செய்தவற்றை நான் மூன்று வீடுகளில் பிரித்தெடுத்திருக்கிறேன்.

பண்டிகை நாளில் கடைகள் இல்லை. அந்தப் பாதையை மட்டும் எம்.சி.பி.யிலிருந்தும் நியூட்ரல் பட்டையிலிருந்தும் கழற்றித் தனியே வைத்தேன்; யாரும் தூக்கிவிட வழி இல்லாதபடி. குளிர்பெட்டியைக் கூடத்து பிளக்குக்கு மாற்றினோம். பக்கத்து வீட்டுத் தம்பி உதிரி சிலிண்டர் ஒன்றைத் தூக்கிவந்து கொடுத்தார். மிச்சமிருந்தவர்களுக்கு வெந்நீர் அண்டாவில் காய்ந்தது.

மூன்றாம் நாள் உதவியாளரோடு போனேன். பழைய வயரை முதலில் 500 வோல்ட் மெக்கரில், அதாவது வயர் உறையின் காப்பை அளக்கும் கருவியில், பார்த்தோம். கீசர் கிளையில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.4 மெகா ஓம். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை நம்பக் கூடாது. இணைப்பை மட்டும் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தால் இது தெரியாமலே இருந்திருக்கும். சமையலறைக்கு 4 சதுர மி.மீ. வயரில் தனிப் பாதை, 20 ஆம்பியர் எம்.சி.பி. கீசருக்கு இரண்டரை வயரில் தனிப் பாதை, 16 ஆம்பியர். ஒவ்வொன்றுக்கும் தன் நியூட்ரல், எம்.சி.பி. பெட்டி வரை நடுவில் இணைப்பே இல்லாமல். பின்னறைக்குக் குழாயில் இடம் போதவில்லை. வயரை இழுக்கும் ஸ்பிரிங் உள்ளே போய்ப் பாதியில் நின்றுவிட்டது. சுவரை உடைக்க வேண்டாம் என்று மேலாகவே கேசிங் என்ற பிளாஸ்டிக் பட்டை போட்டு, அதற்குள் வயரை இழுத்தோம். பார்க்க அவ்வளவு அழகில்லை. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புது வயர்கள் மெக்கரில் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டின.

இதே நிலை உங்கள் வீட்டில் வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எம்.சி.பி. விழுந்தால் அந்தப் பாதையில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பத்து நிமிடம் ஆற விட்டு, நெம்புகோலை முழுக்கக் கீழே இறக்கி ஒரே ஒரு முறை தூக்குங்கள். எல்லாம் பிடுங்கிய பிறகும் உடனே விழுந்தால் உள்ளே ஷார்ட், தொடாதீர்கள். நின்றும் மின்சாரம் வரவில்லை என்றால் இந்த வீட்டின் கதைதான். இறக்கி வைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்கம்பியாளை அழையுங்கள். வீடு முழுவதும் சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசித்து மற்றவை மங்கினால் அது வேறு விஷயம், இன்னும் அவசரமானது. மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரலே அறுந்திருக்கலாம். சில அறைகளில் 400 வோல்ட்டை நெருங்கும். மெயினை அணைத்த பிறகுதான் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து ஒரு மாலை திரும்பவும் போனேன். கீசர், அடுப்பு, இஸ்திரிப்பெட்டி மூன்றையும் அரை மணி நேரம் ஓட விட்டு, வயரைச் சுற்றிப் பிடித்து ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு பாதையையும் அளந்தேன்: கீசரில் 8.6 ஆம்பியர், சமையலறையில் 8.1, பின்னறையில் 4.2. எம்.சி.பி. முனைகளைக் கையால் தொட்டால் சூடு தெரியவில்லை. கூடத்து விளக்குப் பாதையிலும் ஒரு ஜங்ஷன் பெட்டி வெள்ளைக்கு அடியில் மறைந்திருக்கிறது. அது எந்தச் சுவரில் என்று பெரியவருக்கும் நினைவில்லை. மாசி பிறந்ததும் பரணை முழுவதும் காலிசெய்து தேடுவதென்று நாள் குறித்திருக்கிறோம்.